ஐந்தாவது ஆளின் செருப்பு

என் மருமகன் இராசரத்தினத்தை நீங்கள் காலி வீதியில் கண்டிருப்பீர்கள். கண்டாலும் கவனித்திருக்கமாட்டீர்கள். ஒல்லியான ஆள், நெற்றியில் மூன்று குறி திருநீறு, கையில் மடித்த குடை. பஸ் தரிப்பில் நிற்பார். பஸ் வரும், ஏறமாட்டார். அடுத்த பஸ்ஸும் வரும், அதற்கும் ஏறமாட்டார். கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் பஸ் நிலையத்தில் ரைம்கீப்பராக இருந்தவர். பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதுகிற வேலை. பென்சன் எடுத்து ஆறு வருடமாகியும் அது அவரை விட்டுப் போகவில்லை.

மனுஷன் இருக்கிற இடத்தில் பாதிதான் இருப்பார். மற்றப் பாதி எங்கே போகிறது என்று என் மகள் நேசமலருக்கே தெரியாது. எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்குகிற ஒழுங்கையில் மூன்றாம் மாடி. கீழே தண்டவாளம், அதற்கு அங்கால் கடல். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் உப்புப் படிந்து பால் பூசினதுபோல் ஆகிவிடும். அதற்குள்ளால் பார்த்தால் ரயில் தண்ணீருக்கு மேலால் போவதுபோலத் தெரியும். மருமகன் பல்லுத் துலக்கத் தொடங்கி, அதைப் பார்த்துக்கொண்டு நின்று, வாயில் நுரை காயும்வரை நிற்பார். நேசமலர் போய்த் தோளில் தட்டினால்தான் திரும்பி வருவார்.

ஆனால் நேரம் எழுதுகிற விஷயத்தில் மட்டும் முழு மனுஷன். காணாத பஸ்ஸை எழுதினது கிடையாது. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வராத பஸ்ஸை வந்ததென்று எழுதச் சொல்லியிருக்கிறார். இவர் மாட்டேன் என்றிருக்கிறார். ஏழு மாதம் அனுராதபுரத்துக்கு மாற்றிப் போட்டார்கள். போய் இருந்துவிட்டு வந்தார். வீட்டுக் கலண்டரிலும் எழுதுவார். தண்ணீர் வந்தது ஆறு பத்து. மாமி கோயிலுக்குப் போனது நாலு முப்பத்தைந்து. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. பேத்தி யதுஷா வாசித்துக் காட்டித்தான் என் போக்குவரத்தும் சுவரில் தொங்குகிறது என்று அறிந்தேன்.

அதைப்பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் முகத்துக்கு நேரே கதைப்பதில்லை. இந்தக் காலத்தில் யாரம்மா அதெல்லாம் பார்க்கிறார்கள் என்று மகள் சொல்லுவாள். நான் பார்க்கிறேன். முப்பத்தெட்டு வருடமாக அவருக்குச் சொல்லவேண்டியதை மகளுக்குச் சொல்லுகிறேன். மகள் இல்லாவிட்டால் ஜன்னலில் வந்து இருக்கிற காகத்துக்குச் சொல்லுகிறேன். அவருக்குக் கேட்கும்.

இப்படிப்பட்டவர் பொலிசைப் பார்க்கிற குழுவுக்குப் போன கதையைச் சொல்லவேண்டும். மனித உரிமைக் கமிசன்காரர் சிலர் வந்து, ஒவ்வொரு ஸ்டேசனுக்கும் அந்தப் பகுதிச் சனத்தில் மூன்று பேர் வேண்டும் என்றார்கள். அவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டேசனுக்குப் போகலாம். கூட்டுக்குள் அடைத்திருக்கிற ஆட்களை எண்ணலாம், முகத்தைப் பார்க்கலாம், சாப்பிட்டாயா, அடித்தார்களா என்று கேட்கலாம். கேட்டதைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். எங்கள் தொடர்மாடிச் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். பொலிசோடு யார் சோலிக்குப் போவது? மருமகன் ஜன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "இராசரத்தினம் அண்ணை, நீங்கள்?" என்று யாரோ கேட்க, மழைக்குத் தலையாட்டுகிறவர்போல் தலையை ஆட்டினார். பெயரை எழுதிவிட்டார்கள்.

நேசமலர் அன்று முழுக்க ஏசினாள். "உங்களுக்கென்ன விசரோ? தமிழ்ச்சனம் பொலிசைக் கண்டா மற்றப் பக்கத்தால போகுது. நீங்கள் தேடிப் போறியள்."

"எழுதிப்போட்டினம்," என்றார் அவர். "எழுதினால் எழுதினதுதான்."

மூன்று பேரில் ஒஸ்வால்ட் என்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்தான் தலைவர். புடவைக்கடை ஸப்வான் மற்றவர். அவர்கள் இருவரும் போன் அடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். தேத்தண்ணீர் தயாராக இருக்கும். மருமகன் இரண்டு கிழமைக்கு ஒரு தரம் வெள்ளிக்கிழமை பின்னேரம் சொல்லாமல் போவார். எந்த ஸ்டேசன் என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

அங்கே அவர் செய்கிறது என்னவென்றால், சும்மா இருப்பார். கூட்டுக்கு முன்னால் நீளமான ஒரு மர வாங்கு. அதில் ஒரு மணித்தியாலம் இருப்பார். கேள்வியெல்லாம் பிறகுதான். ஒரு இடத்தில் அசையாமல் இருந்தால் வரவேண்டிய பஸ்ஸெல்லாம் எப்படியும் கண்ணுக்கு முன்னால் வந்து போகும் என்பது அவர் கணக்கு. முதல் பத்து நிமிடம் பொலிஸ்காரர் நல்லபிள்ளையாக நடமாடுவார்களாம். பிறகு இவரை மறந்துவிடுவார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் படிகள் கூட்டப்படவில்லை. படி கூட்டுகிற துஷ்யந்தி இரண்டாம் நாளாக வரவில்லை. அவள் மலைநாட்டுப் பிள்ளை, புருஷனோடு கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் இருக்கிறாள். தினமும் பஸ் பிடித்து வந்து ஐந்து மாடியையும் கூட்டிக் கழுவுவாள். ஒருநாளும் வராமல் விடாத பிள்ளை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன்.

பின்னேரம் மூன்றரைக்கு மருமகன் வெளிக்கிட்டார். காலில் ஆணிக்கூடு, அதனால் நீல வார் வைத்த றப்பர் செருப்பு. "பொலிசுக்குப் போறதுக்கு பாத்றூம் செருப்போ?" என்று நேசமலர் வாசலில் நின்று கேட்டாள். கேட்காதவர்போல் இறங்கினார்.

அன்று ஸ்டேசனில் கூட்டுப் பக்கத்து நடையை அப்போதுதான் கழுவி விட்டிருந்தார்களாம். படியில் அடைபட்டவர்களின் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. மருமகன் தன் பாட்டில் தானும் கழற்றி அந்த வரிசையில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார். ஈர நிலமும் வாசல் படியும் கண்டால் எங்கள் ஆட்களின் கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிடும். றொஹான் என்கிற கான்ஸ்டபிள் சிரித்திருக்கிறான். "மஹத்தயா, இது விகாரை இல்லையே."

கூட்டுக்குள் நாலு பேர். முகத்தைப் பார்த்தார், பெயர் கேட்டார், வயது கேட்டார். பிறகு வாங்கில் இருந்தார். மழை பிடித்தது. ஓட்டுப் பீலியால் தண்ணீர் விழுகிற சத்தம், அதற்கு அப்பால் கடல், நடுவில் ஒரு ரயில். கழுவின நிலத்தில் ஜன்னல் கம்பிகளின் நிழல் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடிக்கொண்டிருந்ததாம். அவர் அதைப் பார்த்தார். பார்த்துப் பார்த்து, மற்றப் பாதி கிளம்பிப் போய்விட்டது. எங்கேயோ ஒரு இருமல். மூன்று தரம். பொறுத்து, இன்னும் மூன்று தரம். பின்பக்கச் சுவருக்கு அங்காலிருந்து. செத்துப்போன தகப்பன் படலையடியில் நின்று இருமுகிறார் என்று நினைத்தாராம். வாறன் ஐயா, என்று மனதுக்குள் சொன்னாராம்.

விழித்தபோது ஐந்துக்குப் பத்து நிமிடம். புத்தகத்தை நீட்டினார்கள். அதில் ஒரு வசனம் அச்சடித்திருக்கும்: பதிவில் உள்ளவர்களைத் தவிர வேறு எவரும் இந்த நிலையத்தில் தடுத்துவைக்கப்பட்டிருக்கவில்லை. அதற்குக் கீழே கையெழுத்து வைத்தார். படியில் இறங்கி, நீல வார்ச் செருப்பு ஒன்றில் காலை நுழைத்தார். தண்டவாளக் கரையால் தூறலில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிபோல் கதவு தட்டுப்பட்டது. துஷ்யந்தி. கையில் கூட்டுகிற தும்புத்தடி இல்லை. தலை வாரவில்லை. கண் இரண்டும் பூச்சி கடித்ததுபோல் வீங்கியிருந்தது.

"அம்மா, ஐயா இருக்காங்களா? ஐயா பொலிசுக்கெல்லாம் போறவங்கன்னு கீழ் வீட்ல சொன்னாங்க."

"என்ன பிள்ளை, முதல்ல உள்ளுக்கு வா," என்றாள் நேசமலர்.

அவள் உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவள் புருஷன் நிரோஷன் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். போன கிழமை எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் மோட்டர் பார்த்திருக்கிறான். பிறகு அந்த வீட்டில் லெப்டொப் ஒன்றைக் காணவில்லையாம்.

"வியாழக்கெழம காலைல ஏழு மணிக்கு ஜீப்புல வந்தாங்கம்மா. பத்து நிமிசத்துல விட்டுடுவோம்னு கூட்டிட்டுப் போனாங்க. மூணு தடவ போய்ட்டேன். அப்படி ஒரு ஆளே இங்க இல்லங்கிறாங்க. புருசன் வேற எங்கயாச்சும் ஓடியிருப்பான், வீட்ல போய்ப் பாருன்னு சிரிக்கிறாங்க. இன்னிக்கு ரெண்டு நாளாச்சு."

ஆளைப் பிடித்தால் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோகவேண்டும். அது எனக்கே தெரியும். பதியாமல் வைத்திருந்தால் அந்த நாளுக்குக் கணக்கே இல்லை. என்ன நடந்தாலும் நடக்காததுதான்.

மருமகன் வந்து நின்றார். "நான் நேற்றுப் பின்னேரம் அங்கதான் இருந்தனான்," என்றார். "நாலு பேர். ஒருத்தர் மட்டக்குளி, ரெண்டு பேர் தெஹிவளை, ஒருத்தர் வத்தளை. நிரோஷன் எண்டு ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. பாத்துக் கையெழுத்தும் வைச்சிட்டு வந்தனான்."

அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். அந்தப் பிள்ளைக்கும் அது தெரிந்தது. சரிங்க ஐயா என்று சொல்லித் திரும்பினாள். செருப்பை மாட்டக் குனிந்தவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"இது யார் போட்டிருக்கிறது?"

எங்கள் வாசலில் கிடந்த நீல வார்ச் செருப்பு.

"ஐயாவின்ர," என்றாள் நேசமலர். "ஏன் பிள்ளை?"

துஷ்யந்தி ஒன்றைப் புரட்டினாள். விரலிடுக்கு வார் அடியில் அறுந்துபோய், கழன்று வராமல் இருக்க ஒரு வட்டத் தகடு கோத்திருந்தது. சிம் கார்ட் வருகிற மட்டையை வெட்டின வட்டம். அதில் பாதி எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"இது நான் வெட்டிப் போட்டதும்மா. புதன்கெழம ராத்திரி சோறு ஆக்கிக்கிட்டே வெட்டினேன். வேற செருப்பு வாங்கிக்கிறேன்னாங்க, எதுக்குன்னு நாந்தான் ஏசுனேன்." செருப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மருமகனைப் பார்த்தாள். "இது எப்படி இங்க வந்திச்சு ஐயா?"

மருமகன் தன் காலைப் பார்த்தார். பிறகு செருப்பைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவருடைய இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றதை நான் அன்றுதான் கண்டேன்.

"இருமினது," என்றார் மெதுவாக. "அது செத்துப்போன என்ர ஐயா இல்லை." படியில் இருந்துவிட்டார். "நேசம், நான் பார்க்காத அறைக்கும் சேர்த்துக் கையெழுத்து வைச்சிட்டன்."

 நேசமலர் அவரை உள்ளே கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். ஒஸ்வால்ட் அதிபருக்குப் போன் எடுத்தார்கள். அவர் நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் கூட்டம் போடுகிறவர். "அவசரப்படாதேங்கோ இராசரத்தினம். திங்கட்கிழமை மூண்டு பேரும் கூடி, கமிசனுக்கு ஒரு கடிதம் எழுதுவம்."

"திங்கட்கிழமை அந்தப் பொடியன் எங்க இருப்பானெண்டு நீங்கள் எழுதித் தருவியளோ, சேர்?"

மருமகன் போனை வைத்தார்.

நேசமலர் பயந்துவிட்டாள். அவளைப் பிழை சொல்லமாட்டேன். "இஞ்சேரப்பா, யதுஷாவின்ர விசாவுக்குப் பொலிஸ் றிப்போர்ட் எடுக்கக் கிடக்கு. நீங்களே இல்லையெண்டு கையெழுத்து வைச்சிட்டு, நீங்களே இருக்கெண்டு போய் நிண்டால் உங்களையல்லோ பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்."

நான் மகளைக் கூப்பிட்டேன். "பிள்ளை, அந்த மனுசனிட்டச் சொல்லு, தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போகச் சொல்லி. போறவரை நீ மறிக்காதை. செருப்பை ஒரு பையில போட்டுக் குடு."

அவருக்குக் கேட்டது. குடித்தார். கலியாணவீட்டுக்குப் போடுகிற தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, துஷ்யந்தியோடு ஓட்டோவில் ஏறினார்.

இனிச் சொல்லுவது துஷ்யந்தி சொன்னதும் மருமகன் நேசமலரிடம் குசினிக்குள் சொன்னதும். ஓஐசி, அதுதான் ஸ்டேசன் பொறுப்பதிகாரி, கதைத்ததெல்லாம் சிங்களத்தில். நான் தமிழில் சொல்லுகிறேன்.

"என்ன மஹத்தயா, நேத்துத்தானே வந்தீங்க. எங்கள்ல அவ்வளவு விருப்பமா?"

"செருப்பு மாறிப் போச்சு. குடுக்க வந்தனான்."

ஓஐசி சிரித்தார். "அந்தா உங்கட கிடக்கு. அதை எடுங்க, இதை வைங்க. சரி."

"வைக்க ஏலாது. உரிய ஆளின்ர கையில குடுக்கோணும்."

"கூட்டுக்குள்ள இருக்கிற ஒருத்தன்ரதான்."

"கேட்டிட்டன். நாலு பேருக்கும் அவையவையின்ர செருப்பு கிடக்கு. இது அஞ்சாவது ஆளின்ர."

சிரிப்பு நின்றுவிட்டதாம். "பழைய செருப்பு ஒண்டுக்கா இவ்வளவு? நான் புதுசு வாங்கிக் குடுக்கிறன், போங்க."

"நல்லம். புதுசு அளவோ எண்டு காலில போட்டுப் பாக்கோணும். ஆளைக் கூப்பிடுங்கோ."

பிறகு புத்தகத்தைக் கேட்டார். கமிசன் கொடுத்த அட்டை இருக்கிற ஆள் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து எழுதினார்: சனிக்கிழமை 10.40. ஐந்தாவது ஆளின் செருப்பைக் கொடுக்க வந்தேன். ஆள் இன்னும் வரவில்லை.

வாங்கில் போய் இருந்தார். மடியில் பை. வெயில் வந்து சுவரில் ஏறியது. வெளியே கேற்றடியில் துஷ்யந்தி குந்தியிருந்தாள். கால் மணித்தியாலம் போனது. எழும்பிப் போய் எழுதினார்: 10.55. ஆள் இன்னும் வரவில்லை. வந்து இருந்தார். 11.10. ஆள் இன்னும் வரவில்லை. 11.25. முப்பத்தொரு வருடம் எத்தனையோ பிந்தின பஸ்ஸுக்கு எழுதின அதே கை, அதே எழுத்து. அவரை யாரும் தொடவில்லை. அவரும் யாரோடும் கதைக்கவில்லை. கடல் சத்தம், தட்டச்சுச் சத்தம், மேலே காற்றாடி. ஒருவருக்கும் வேலை ஓடவில்லையாம். எல்லோரும் அவர் எழும்புகிற நேரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

"அந்தப் பக்கத்தை நான் கிழிச்சு எறிஞ்சா?" என்று கேட்டார் ஓஐசி.

"பக்கத்துக்கு நம்பர் அடிச்சிருக்கு, சேர்."

எவ்வளவு நேரம் இருந்தார் என்பதில் ஒரு பிணக்கு. அவர் இரண்டு மணித்தியாலம் என்கிறார். துஷ்யந்தி ஒரு பகல் முழுக்க என்கிறாள். புத்தகத்தில் இருப்பது அவர் நேரம். ஆனால் நான் துஷ்யந்தியின் பக்கம்தான்.

கடைசியில் ஓஐசி தொப்பியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். போகும்போது றொஹானைப் பார்த்து ஏதோ சொன்னார். றொஹான் பின்பக்கம் போனான். திரும்பி வந்தபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். வெறுங்கால். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, சுவரைத் தடவித் தடவி வந்தான். மருமகன் எழும்பி, பையிலிருந்து செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார்.

"தம்பி, நேற்று இருமினது நீரோ?"

"ஆமாங்கய்யா. கால் சத்தம் கேட்டிச்சு. பூட்ஸ் இல்ல, வெறுங்காலு. யாரோ வெளியாளு வந்திருக்காங்கன்னு தெரிஞ்சிச்சு. கத்தினா அடிப்பாங்க. அதான் இருமுனேன்."

 மருமகன் அவன் காலைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். வீக்கத்தில் செருப்பு நுழையவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் பதிவுப் புத்தகத்தில் எப்படி எழுதினார்கள் தெரியுமா? சனிக்கிழமை பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு ஸ்டேசனுக்கு முன்னால் வைத்துப் பிடித்தது. வியாழன், வெள்ளி இரண்டும் போய்விட்டது. அந்தக் கால் வீக்கமும் முதுகில் இருந்த காயமும் பிடிக்கிறதுக்கு முன்னமே அவன் எங்கேயோ விழுந்து எடுத்ததாகிவிடும்.

மருமகன் பிழை என்று சொன்னார். ஓஐசி குழுப் புத்தகத்தில் நேற்றைய பக்கத்தைத் திருப்பி விரல் வைத்தார். "இது யாருட கையெழுத்து? நேத்து இங்க வேற ஆள் இல்லையெண்டு சொல்றது நானா, நீங்களா?"

அன்று சனிக்கிழமை. கோடு, அதுதான் நீதிமன்றம், திறக்காது. பின்னேரம் பதில் கடமை பார்க்கிற நீதவானின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்பை மறையவிடாமல் துஷ்யந்தியும் மருமகனும் ஓட்டோவில் பின்னால் போனார்கள். விறாந்தையில் மேசை, குரோட்டன் சாடிகள், மஞ்சள் வெயில். நீதவான் ஒரு அம்மா, நரைத்த தலை. பொலிஸ்காரர் சனிக்கிழமை என்றார்கள். நிரோஷன் வியாழன் என்றான். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அப்போது பின்னாலிருந்து மருமகன் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் கையை உயர்த்தியிருக்கிறார்.

"நீங்கள் யார்?"

"நேற்றுப் பொய்க் கையெழுத்து வைச்ச ஆள்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னார். கழுவின நடை, கழற்றின செருப்பு, நித்திரை, இருமல், அச்சடித்த வசனம் எல்லாவற்றையும் நேரத்தோடு சொன்னார். தகப்பன் என்று நினைத்ததையும் மறைக்காமல் சொன்னார். "வராத பஸ்ஸை நான் ஒருநாளும் எழுதினதில்லை, அம்மா. நேற்று நாலு பேரைப் பாத்தன், அது மெய். வேறொருத்தரும் இல்லையெண்டு எழுதினது பொய். மற்ற அறைகளை நான் பார்க்கவேயில்லை."

"இதைச் சொன்னால் உங்கள்மேல் விசாரணை வரும் என்று தெரியுமா?"

"ஓம். எழுதிக்கொள்ளுங்கோ."

அம்மா எழுதிக்கொண்டார். நிரோஷனை அப்போதே சட்ட வைத்தியரிடம் காட்டச் சொன்னார். அவன் சொந்தப் பிணையில் போகலாம், அந்த இரண்டு புத்தகத்தையும் திங்கட்கிழமை கோட்டுக்குக் கொண்டுவரவேண்டும் என்றார். வைத்தியர் காயங்களைப் பார்த்து, இரண்டு நாள் பழையவை, விழுந்து வந்தவை இல்லை, அடித்து வந்தவை என்று எழுதினார். நிரோஷன் இப்போது நடக்கிறான், இடது கால் கொஞ்சம் இழுக்கும். மோட்டர் வேலைக்குப் போகிறான். லெப்டொப் இன்றைக்கும் கிடைக்கவில்லை. ஓஐசியை மாற்றிவிட்டார்கள், வழக்கு நடக்கிறது. யதுஷாவின் பொலிஸ் றிப்போர்ட் நாலு மாதம் பிந்தி வந்தது. நேசமலர் அந்த நாலு மாதமும் கோயிலையும் தபாற்காரனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கமிசனிலிருந்து மருமகனுக்கும் ஒரு கடிதம் வந்தது. யதுஷா வாசித்தாள். அவர் எழுதின இரண்டு பதிவு ஒன்றுக்கொன்று மாறாக இருப்பதால், விசாரணை முடியும்வரை அவர் அட்டையைத் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். நான் கொதித்துப்போனேன். உண்மை சொன்னவருக்குத்தானா இது என்று காகத்திடம் கேட்டேன். "சரிதானே," என்றார் அவர், காகத்தைப் பார்த்து. "பிழையாய் எழுதினவன் நான்தானே." அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உடுத்திக்கொண்டு நின்றார்.

"எங்க வெளிக்கிடுறியள்?" என்றாள் நேசமலர்.

"ஸ்டேசனடிக்கு."

"அட்டை இல்லையேயப்பா! உள்ளுக்கு விடுவாங்களோ?"

"உள்ளுக்கு ஆர் போறது? எதிர்ப்பக்க மதிலடியில இருக்கப்போறன். றோட்டில இருக்க அட்டை தேவையில்லை."

இப்போது கிழமை தவறாமல் போகிறார். மதிலடியில் வேப்பமர நிழல் இருக்கிறதாம். கொப்பி ஒன்று வைத்திருக்கிறார். உள்ளே போகிற ஆட்களை எழுதுவார், வெளியே வருகிற ஆட்களை எழுதுவார். ஜீப்பில் கொண்டுபோனால் அதையும் எழுதுவார். மழை வந்தால் றொஹான் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்துக் கடையின் தாழ்வாரத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவானாம். மற்றப் பாதி இன்னும் எங்கேயோ போய்வருகிறதுதான். ஆனால் யாராவது கேற்றைக் கடந்தால் கை எழுதிவிடும்.

போன வெள்ளிக்கிழமை இரண்டு மணியாகியும் சாப்பிட வரவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு ஆறிப்போனது. நேசமலர் போன் அடித்தாள். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அந்தப் பக்கம் வாகன இரைச்சல், அதற்குள் அவர் குரல் தூரத்தில் இருப்பதுபோல்.

"பதினொரு பேர் உள்ளுக்குப் போனவை, நேசம். பத்துப் பேர்தான் வெளியால வந்திருக்கினம். ஒரு நீலச் சேட்டுப் பொடியன் இன்னும் வரேல்லை."

"அவன் வரும்வரைக்கும் இருக்கப்போறியளோ?"

"ஓம்."

நேசமலர் என்னைப் பார்த்தாள். நான் சோற்றுப் பானையை மூடினேன்.